மாநிலம் மாறினால் செல்லாத லைசென்ஸ்

அமெரிக்காவில் பிள்ளைகள் வீடு வாங்கியிருக்கும் குடும்பங்கள் நம் குடியிருப்பில் பிளாக்குக்குச் சிலராவது இருப்பார்கள். விலை பேசி முடித்த ஒரு வாரத்துக்குள் அங்கிருந்து வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வந்திருக்கும். அறுபது எழுபது பக்கம். பக்கத்துக்குப் பக்கம் படம், படத்துக்குப் படம் சிவப்பு அம்புக்குறி. கூரையில் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது, வெந்நீர் பாய்லர் குழாயில் துரு, மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது, கழிவறைச் சுவரில் ஈரம். படித்துவிட்டு நீங்கள் பதறிப்போய் போன் செய்தால், "எல்லா வீட்டுக்கும் இப்படித்தாம்பா எழுதுவாங்க" என்று சிரித்திருப்பார்கள்.

அந்த அறிக்கையை எழுதுபவர்தான் ஹோம் இன்ஸ்பெக்டர். தமிழில் வீட்டு ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்வோம். அவர் அரசு அலுவலர் அல்ல. வீடு வாங்குபவர் கூலி கொடுத்து அமர்த்தும் ஆள். மூன்று நான்கு மணி நேரம் வீட்டைச் சுற்றி, கூரை முதல் அஸ்திவாரம் வரை கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்து எழுதித் தருவார். சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார். "இந்த விலைக்கு வாங்கலாமா" என்று கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார், அது அவர் வேலையில்லை. ஆனால் பல லட்சம் டாலர் கடனில் கையெழுத்துப் போடுவதற்கு முன், வாங்குபவரின் பக்கம் நின்று வீட்டைப் பார்க்கும் ஆள் பெரும்பாலும் இவர் ஒருவர்தான். ஏஜெண்டுக்கு வீடு விற்றால் கமிஷன். பேங்குக்குக் கடன் போனால் வட்டி. இவருக்கு மட்டும் வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் கூலி ஒன்றே.

நியூஜெர்சியில் பதினைந்து ஆண்டு இந்த வேலை பார்த்த ஒருவர் டெக்சாஸுக்குக் குடிபெயர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய லைசென்ஸ் அங்கே செல்லுமா? செல்லாது. மாற்றிக்கொள்ளலாமா? உண்மையில் 'மாற்றம்' என்ற ஒன்றே கிடையாது. பேச்சில் எல்லோரும் லைசென்ஸ் டிரான்ஸ்ஃபர் என்பார்கள். நடப்பது என்னவென்றால், பழைய லைசென்ஸ் நியூஜெர்சியிலேயே கிடக்கும், டெக்சாஸில் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். பழையது இருப்பதால் எத்தனை படி குறையும் என்பது மட்டும்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

நம் ஊர் வழக்கறிஞர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது எவ்வளவு விசித்திரம் என்று தெரியும். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, தமிழ்நாட்டு பார் கவுன்சிலில் பதிந்த ஒருவர் கர்நாடகப் பட்டியலுக்குப் பெயரை மாற்றக் கேட்டால், இங்கே நீக்கி அங்கே சேர்க்கச் சொல்ல வேண்டும், அதுவும் கட்டணம் இல்லாமல். டிரான்ஸ்ஃபர் என்றால் அதுதான் டிரான்ஸ்ஃபர். அமெரிக்காவிலும் டிரைவிங் லைசென்ஸ் கிட்டத்தட்ட அப்படித்தான். வேறு மாநிலத்திலிருந்து டெக்சாஸுக்குக் குடிவருபவர் 90 நாளுக்குள் பழைய கார்டைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளலாம், மறுபடி வண்டி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. காருக்கு ஒரு நியாயம், கூரை மேல் ஏறிப் பார்ப்பவருக்கு ஒரு நியாயம் ஏன்?

இதற்கு நூறாண்டுக்கு மேலான கதை இருக்கிறது. தொடங்குவது ஒரு டாக்டரிடம்.

மேற்கு வர்ஜீனியாவில் டென்ட் என்ற மருத்துவர் 1876 முதல் வைத்தியம் பார்த்துவந்தார். 1880களின் தொடக்கத்தில் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. நல்ல கல்லூரிப் பட்டம் வேண்டும், அல்லது அந்த மாநிலத்தில் 10 ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும், அல்லது மாநில வாரியம் வைக்கும் தேர்வில் தேற வேண்டும். டென்டுக்குப் பத்து ஆண்டு ஆகவில்லை. பட்டம் இருந்தது, ஆனால் அவர் படித்த சின்சினாட்டி கல்லூரியை வாரியம் மதிக்கவில்லை. தொடர்ந்து வைத்தியம் பார்த்ததற்கு 50 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1889ல் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. மக்களின் நலனுக்காக யார் எந்தத் தொழில் செய்யலாம் என்று வரையறுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது.

அமெரிக்க அரசியலமைப்பின் 10ஆம் திருத்தம், மத்திய அரசுக்கென்று எழுதிக் கொடுக்காத அதிகாரங்களை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் விட்டுவைத்திருக்கிறது. தொழில் லைசென்ஸ் அதில் சேர்ந்துகொண்டது. டென்ட் தீர்ப்புக்குப் பிறகு டாக்டர், வக்கீல், நர்ஸ், பிளம்பர், முடிதிருத்துபவர் என்று ஒவ்வொரு தொழிலாக மாநிலங்களின் கைக்குப் போயின. அந்த 'பத்து ஆண்டு' சலுகையையும் கவனியுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை விட்டுவிட்டு, புதிதாக வருபவர்களுக்கு மட்டும் வாசலைக் குறுக்குவது. பின்னால் வந்த லைசென்ஸ் சட்டங்கள் பலவற்றிலும் இந்தச் சலுகை ஏதோ ஒரு வடிவில் இருக்கும்.

வீட்டு ஆய்வாளர் அப்போது கிடையாது. வீடு வாங்குபவர் கண்ணை விழித்துக்கொண்டு வாங்க வேண்டும், பிறகு அழுதால் கேட்பாரில்லை என்பதுதான் வழக்கம். கட்டட வேலை தெரிந்த மாமாவையோ நண்பரையோ கூட்டிப் போவார்கள், நம் ஊரில் இன்றும் செய்வதுபோல. இதையே தொழிலாகச் செய்பவர்கள் 1970களில் பெருகினார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து 1976ல் அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கத் தேவையில்லை, அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் எழுதிவைத்த நடைமுறை விதிகளைத்தான் பிற்பாடு பல மாநிலங்கள் தங்கள் சட்டத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டன.

அதே 1976ல் கலிபோர்னியாவில் டயாப்லோ என்ற ஊரில் ஒரு பெண்மணி வீடு வாங்கினார். ஒரு ஏக்கர் மனை, நீச்சல் குளம், விருந்தினருக்குத் தனி வீடு. விலை 1,70,000 டாலர். வாங்கிய சில காலத்திலேயே மனையின் மண் சரியத் தொடங்கியது. அஸ்திவாரம் இறங்கி, சுவர் விரிந்து, கதவு நிலைகள் கோணிக்கொண்டன. பள்ளத்தில் மண்ணைக் கொட்டி, சரியாக இறுக்காமல் அதன் மேல் கட்டிய வீடு அது. முன்பே இரண்டு முறை அங்கே மண் சரிந்திருந்தது. விற்றவர்கள் அதைச் சொல்லவில்லை. ஏஜெண்டுகளில் ஒருவர் சரிவில் வலை போட்டிருப்பதைப் பார்த்திருந்தார். விருந்தினர் வீட்டின் தரை சமமாக இல்லை என்பதும் கண்ணில் பட்டிருந்தது. ஆனால் மண்ணைச் சோதித்துப் பாருங்கள் என்று யாரும் வாய் திறக்கவில்லை. சரிவுக்குப் பிறகு அந்த வீட்டின் மதிப்பு 20,000 டாலராகக் கூட இருக்கலாம் என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். செப்பனிடும் செலவோ 2,13,000 டாலர் வரை போகும் என்றார்கள்.

ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர் என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் 1984ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது ரியல் எஸ்டேட் உலகையே உலுக்கியது. ஏஜெண்ட் தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் மட்டும் போதாது. நியாயமான கவனத்தோடு வீட்டைப் பார்த்தால் தெரிந்திருக்கக்கூடியதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டே கலிபோர்னியா இந்தக் கடமையைச் சட்டமாக எழுதியது.

ஏஜெண்டுகள் என்ன செய்வார்கள்? தங்கள் தலைக்கு வரும் பொறுப்பை இன்னொருவர் தோளில் வைக்கத்தான் பார்ப்பார்கள். "ஒரு இன்ஸ்பெக்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள்" என்பது வழக்கமானது. வீட்டு ஆய்வு பெருந்தொழிலாக வளர்ந்ததற்கு வாங்குபவரின் விழிப்பைவிட ஏஜெண்டின் பயம் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அதிலேயே ஒரு சிக்கலும் ஒட்டிக்கொண்டது. ஆய்வாளரைச் சிபாரிசு செய்வது ஏஜெண்ட். கறாராக எழுதி வியாபாரத்தைக் கெடுப்பவரை அடுத்த முறை அவர் ஏன் கூப்பிடப் போகிறார்? மாசசூசெட்ஸ் 1999ல் சட்டம் போட்டபோது இதைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஏஜெண்ட் குறிப்பிட்ட ஒரு ஆய்வாளரின் பெயரைச் சொல்லிச் சிபாரிசு செய்யக் கூடாது, கேட்டால் மொத்தப் பட்டியலைத்தான் நீட்டலாம்.

இதில் வேடிக்கை, இந்தத் தொழிலுக்கு இவ்வளவு தூண்டுதல் தந்த கலிபோர்னியாவில் இன்றுவரை வீட்டு ஆய்வாளருக்கு லைசென்ஸே இல்லை. 1996ல் வந்த ஒரு சட்டம் சில ஒழுங்குகளை மட்டும் விதித்தது. ஆய்வு செய்த வீட்டில் 12 மாதத்துக்கு அவரே ரிப்பேர் வேலை எடுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. நல்ல விதிதான். இல்லாவிட்டால் பல் பார்க்கப் போனவருக்குப் பத்துப் பல்லும் சொத்தை என்று சொன்ன கதையாகிவிடும்.

முதலில் கட்டுப்பாடு கொண்டுவந்தது டெக்சாஸ், 1985ல். பொறுப்பு மாநில ரியல் எஸ்டேட் கமிஷனிடம் போனது. அங்கே மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கத்துக் களிமண் நம் கோவில்பட்டிக் கரிசலைப் போன்றது. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் கான்கிரீட் பலகை போட்டுக் கட்டிய வீடுகள் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். கோடையில் வீட்டைச் சுற்றி ஓட்டைக் குழாய் பதித்து அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். செடிக்கு விடுவதுபோல வீட்டுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்து உங்களில் சிலர் அங்கே போனபோது வியந்திருக்கலாம். டெக்சாஸ் ஆய்வாளரின் கண் முதலில் தேடுவது கதவு சரியாக மூடுகிறதா, செங்கல் சுவரில் படிப்படியாக ஏறும் விரிசல் உண்டா என்பதைத்தான். நியூஜெர்சியில் பதினைந்து ஆண்டு இருந்தவர் பார்த்துப் பழகியது வேறு. நிலவறை ஈரம், பனி உறைந்து கூரை ஓரத்தில் தேங்கும் தண்ணீர், தோட்டத்தில் புதைத்து மறந்துபோன ஹீட்டர் எண்ணெய் டாங்க்.

பென்சில்வேனியாவின் கதை இன்னும் விநோதம். 1984 டிசம்பரில் அங்கே லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு இன்ஜினியர் வாசலில் இருந்த கதிர்வீச்சு எச்சரிக்கை மணியை அடிக்கவைத்தார். வெளியே வரும்போது அல்ல, உள்ளே போகும்போது! நிலையத்தில் அணு எரிபொருளே இன்னும் வேலை தொடங்காத காலம். தேடிப் பார்த்ததில் கதிர்வீச்சு அவர் வீட்டிலிருந்து வந்தது. பூமியிலிருந்து கசியும் ரேடான் வாயு நிலவறை வழியாக வீட்டுக்குள் நிரம்பியிருந்தது. இன்று அரசு கவலைப்படச் சொல்லும் அளவைப்போலப் பல நூறு மடங்கு. அதற்குப் பிறகுதான் நாடெங்கும் வீடுகளில் ரேடான் சோதனை பரவியது. இப்போதும் பென்சில்வேனியா, நியூஜெர்சி, இல்லினாய் போன்ற இடங்களில் ரேடான் அளக்க ஆய்வாளர் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வீட்டு ஆய்வு லைசென்ஸ் மட்டும் போதாது.

ஃபுளோரிடாவுக்கு அந்த அனுபவம் காற்றில் வந்தது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே வீடுகளின் கூரையை வரிசை வரிசையாகப் பிய்த்து எறிந்தது. அதன் பின் கட்டட விதிகள் இறுகின, இன்சூரன்ஸ் கம்பெனிகளும் உஷாராகின. இன்று ஃபுளோரிடாவில் வீடு வாங்குபவர் சாதாரண ஆய்வோடு காற்றுத் தாங்கும் ஆய்வு என்று ஒன்றும் செய்துகொள்வார். பரணில் தவழ்ந்துபோய், கூரைச் சட்டத்தைச் சுவரோடு வெறும் ஆணியால் அடித்திருக்கிறார்களா, இரும்புக் கிளிப் வைத்திருக்கிறார்களா, பட்டை ஒரு சுற்றா இரண்டு சுற்றா என்று பார்த்து, அதற்கென்று உள்ள படிவத்தில் டிக் செய்ய வேண்டும். அதை வைத்து இன்சூரன்ஸ் கட்டணம் குறையும். பனி தேசத்தில் வேலை பார்த்தவர் இந்தப் பட்டையைத் தேடியே இருக்க மாட்டார்.

இப்படி ஒவ்வொரு மாநிலமும் தன் அனுபவத்துக்குத் தக்கபடியும், தன் ஊர் ஏஜெண்டுகளும் ஆய்வாளர்களும் சட்டசபையில் சொன்னதைக் கேட்டும் தனித்தனியாகச் சட்டம் போட்டது. நியூஜெர்சி 1998, மாசசூசெட்ஸ் 1999, இல்லினாய் 2001, நியூயார்க் 2004, ஃபுளோரிடா 2007, வாஷிங்டன் 2008. இருபது ஆண்டுக்கு மேல் துண்டு துண்டாகத் தைத்த சட்டை இது. கொலராடோ, ஜார்ஜியா இன்னும் தைக்கவே இல்லை, அங்கே யாரும் ஆய்வாளர் என்று கார்டு அடித்துக்கொள்ளலாம். பென்சில்வேனியா நடுவாந்தரம். அங்கே லைசென்ஸ் இல்லை, ஆனால் தேசியச் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும்.

பயிற்சி மணி நேரத்தைப் பாருங்கள். இல்லினாயில் வகுப்பு 60 மணி. வாஷிங்டனில் 120 மணி வகுப்பு, 40 மணி களப்பயிற்சி. நியூயார்க்கில் இரண்டும் சேர்த்து 140. நியூஜெர்சியில் 180. நியூஜெர்சி வீடு இல்லினாய் வீட்டைவிட மூன்று மடங்கு கஷ்டமா என்ன? மண்ணும் காற்றும் வேறு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வித்தியாசத்துக்கு மண் காரணமில்லை. எந்தச் சங்கம் எந்த ஆண்டில் எவ்வளவு பலமாக இருந்தது என்பதுதான் காரணமாக இருக்க முடியும். கூடுதல் மணி ஒவ்வொன்றும் புதிதாக வருபவர் தாண்ட வேண்டிய வேலி. உள்ளே இருப்பவருக்கு அது நிழல்.

இப்போது நம் நியூஜெர்சிக்காரர் டெக்சாஸ் வாசலில் நிற்கிறார். என்ன செய்ய வேண்டும்? முதலில் நியூஜெர்சி வாரியத்திடமிருந்து, இவர் மேல் புகாரோ தண்டனையோ இல்லை, லைசென்ஸ் உயிரோடு இருக்கிறது என்று ஒரு சான்று வாங்க வேண்டும். கார் வேறு மாநிலம் போகும்போது ஆர்டிஓவில் நாம் வாங்கும் என்ஓசி மாதிரி. பிறகு கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை. டெக்சாஸ் கமிஷன் வேறு மாநில லைசென்ஸை அப்படியே ஏற்பதில்லை என்பதால், தன் நிபந்தனைகளுக்கு ஈடாக இவரிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கும். டெக்சாஸ் சட்டமும் விதிகளும் தனியாகப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். இன்சூரன்ஸையும் மாற்ற வேண்டும். நியூஜெர்சியில் 5 லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு கேட்டார்கள், டெக்சாஸில் 1 லட்சம். அறிக்கை எழுதும் முறையே மாறும். டெக்சாஸில் கமிஷன் வகுத்த ஒரே படிவம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே நான்கு கட்டம்: பார்த்தேன், பார்க்கவில்லை, இங்கே இல்லை, குறை இருக்கிறது. பதினைந்து ஆண்டு தன் போக்கில் எழுதிப் பழகியவருக்குக் கை கட்டிப்போட்டது போலிருக்கும். வாங்குபவருக்கோ இரண்டு வீட்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட அதுதான் வசதி.

இந்தச் சிக்கலுக்கு முதலில் வந்த மருந்து பொதுத் தேர்வு. 1999ல் இதற்கென்றே தனியான தேர்வு வாரியம் ஒன்று ஏற்பட்டது. அது நடத்தும் தேசிய வீட்டு ஆய்வாளர் தேர்வில் 200 கேள்விகள், நான்கு மணி நேரம், மதிப்பெண் 200 முதல் 800 வரை, 500 எடுத்தால் பாஸ். முப்பது மாநிலங்களுக்கு மேல் இதை ஏற்றுக்கொண்டன. ஒரு இடத்தில் தேறியவர் வேறு இடத்தில் மறுபடி எழுத வேண்டாம் என்ற அளவுக்கு நிம்மதி. வயரிங், பாய்லர், கூரை, குழாய் எல்லா ஊரிலும் ஒன்றுதானே. ஆனாலும் மாநிலங்கள் தங்கள் பங்கு வேலியைப் பிடுங்கவில்லை.

நீதிமன்றங்கள் கொஞ்சம் பிடுங்கின. 1985ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு சுவையானது. வெர்மான்டில் குடியிருந்த ஒரு பெண், பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரின் வக்கீல் தேர்வில் தேறிவிட்டார். ஆனால் அந்த மாநிலத்தில் குடியிருக்கவில்லை என்று சேர்க்க மறுத்தார்கள். அவர் வீடு எல்லையிலிருந்து சுமார் 400 கெஜத்தில் இருந்தது, நம் மெயின் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் தூரம் என்று வையுங்கள். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தகுதியைச் சோதிக்கலாம், எந்தப் பக்கம் வீடு இருக்கிறது என்பதற்காகத் தள்ளக் கூடாது என்பது அதன் சாரம். சோதிக்கும் உரிமை மட்டும் மாநிலத்திடமே இருந்துவிட்டது. டென்ட் தீர்ப்பு அசையவில்லை.

அதற்குள் லைசென்ஸ் தேவைப்படும் தொழில்கள் பெருகிவிட்டன. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே மாநில லைசென்ஸ் வேண்டியிருந்தது. 2015ல் வெள்ளை மாளிகை வெளியிட்ட ஒரு அறிக்கை அது கால் பங்கைத் தாண்டிவிட்டது என்றது. இதில் அதிகம் அடிபட்டவர்கள் ராணுவக் குடும்பங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை கணவருக்கு மாற்றல் வரும், போகும் இடத்திலெல்லாம் மனைவி மறுபடி படிவம், கட்டணம், காத்திருப்பு. லைசென்ஸ் கைக்கு வரும்போது அடுத்த மாற்றல் உத்தரவும் வந்துவிடும். கடைசியில் 2023 ஜனவரியில் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. ராணுவ உத்தரவுப்படி இடம் மாறுபவருக்கும் வாழ்க்கைத்துணைக்கும் பழைய மாநில லைசென்ஸை, வக்கீல் தொழில் தவிர, புது மாநிலம் மதிக்க வேண்டும் என்று அது அப்போது சொன்னது.

மற்றவர்களுக்கு வழி திறந்தது அரிசோனா. 2019ல் அந்த மாநிலம், வேறு எந்த மாநிலத்திலாவது ஓராண்டாவது நல்ல நிலையில் லைசென்ஸ் வைத்திருப்பவர் இங்கே குடிவந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பொதுவாகவே சட்டம் போட்டது. தொழில் தொழிலாக, மாநிலம் மாநிலமாக ஒப்பந்தம் போடும் பழைய முறைக்குப் பதில் எல்லாவற்றுக்கும் ஒரே கதவு. இருபது மாநிலங்களுக்கு மேல் இதே மாதிரியான சட்டங்கள் தொடர்ந்தன. ஆனால் கவனியுங்கள், கலிபோர்னியாவில் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆய்வாளருக்கு இந்தக் கதவு திறக்காது. ஏற்றுக்கொள்ளக் காட்ட அவரிடம் லைசென்ஸ் என்ற காகிதமே இல்லையே! லைசென்ஸ் இல்லாத மாநிலத்து அனுபவத்தையும் கணக்கில் எடுக்கும் விதியைச் சில மாநிலங்கள் பிறகு சேர்த்தன.

என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. ஒருவர் நியூஜெர்சியில் கற்ற வயரிங்கையும் பாய்லரையும் டெக்சாஸ் மறுபடி சொல்லித்தர நினைப்பது வீண் வேலை, அந்தச் செலவு கடைசியில் வீடு வாங்குபவர் தலையில்தான் விடியும். ஆனால் மண்ணைப் பற்றிய ஒரு சிறு பாடமும் தேர்வும் கட்டாயம் வேண்டும். இப்போது இருப்பது தலைகீழ். மாநிலப் பகுதித் தேர்வு என்று எழுதவைப்பது பெரும்பாலும் சட்டமும் விதியும்தான். களிமண் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் புதியவர் வேலையில் இறங்கிய பிறகு, யாரோ ஒருவருடைய வீட்டில்தான் கற்றுக்கொள்கிறார்.

நம் பக்கம் நிலைமை என்ன என்று கேட்பீர்கள். வீட்டு ஆய்வாளருக்கு இங்கே லைசென்ஸ் இல்லை, கலிபோர்னியா கதைதான். ஏஜெண்டுக்கு உண்டு. 2016ஆம் ஆண்டு ரேரா சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி அவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், அந்தப் பதிவு அந்தந்த மாநிலத்துக்கு மட்டும்தான். ஓசூரில் பதிந்தவர் சில கிலோமீட்டர் தள்ளி அத்திப்பள்ளியில் வீடு விற்றுத்தர வேண்டுமென்றால் கர்நாடகத்தில் தனியாகப் பதிய வேண்டும். ஒரே நாடு, ஒரே சட்டம், எல்லைக்கு எல்லை தனி நம்பர். நம் சட்டத்தில் ஆய்வாளருக்கு ஈடாக இருப்பது 14ஆம் பிரிவு. சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டடத்தில் அமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிந்து சொன்னால், பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். வாங்கும் முன் பார்க்க ஆளில்லை, வாங்கிய பின் கேட்க வழி இருக்கிறது. அந்தக் குறையைக் கண்டுபிடித்து எழுத்தில் தரவேண்டியவர் மட்டும் நீங்களேதான்.

உங்கள் பிள்ளைகள் அங்கே வீடு பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று சொல்லுங்கள். 2020, 2021ல் வீட்டுக்குப் போட்டி கடுமையாக இருந்தபோது, ஆய்வே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து வீடு பிடித்தவர்கள் நிறைய. மாசசூசெட்ஸில் இப்போது, ஆய்வை விட்டுக்கொடுத்தால்தான் விற்பேன் என்று விற்பவர் நிபந்தனை வைக்கக் கூடாது என்று விதி வந்திருக்கிறது. மற்ற ஊர்களில் அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம். ஆய்வாளரை அமர்த்தும்போது, லைசென்ஸ் உள்ள மாநிலமென்றால் நம்பரை வாங்கி வாரியத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கட்டும், நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். எத்தனை ஆண்டு அனுபவம் என்று எல்லோரும் கேட்பார்கள். அதோடு சேர்த்து, "அதில் எத்தனை ஆண்டு இந்த ஊரில்?" என்றும் கேட்கச் சொல்லுங்கள்.